மூன்றாம் கட்டமா, மூன்றாம் படியா?

வணக்கம்.

நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கு நாம் சேர்த்துவரும் தமிழ்ச் சொற்களில், 'ஸ்டேஜ்' என்பதற்கு வைத்திருக்கும் 'கட்டம்' என்பதை எடுத்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். போன மாதம் நடந்த ஒன்றுதான் காரணம்.

மன்னார்குடிப் பக்கம் ஒரு மருத்துவமனையில் ஸ்பைரோமெட்ரி, அதாவது ஊதவைத்து மூச்சை அளக்கும் சோதனை, எடுப்பது என் வேலை. நெல் அவித்தே பிள்ளைகளை ஆளாக்கிய ஓர் அம்மா வந்தார்கள். பீடி, சிகரெட் தொட்டதில்லை. உமி அடுப்புப் புகை முப்பது வருஷம். "நல்லா மூச்சை இழுத்து ஒரே ஊதா ஊதுங்கம்மா, விடாதீங்க, விடாதீங்க" என்று மூன்று தடவை ஊதச் சொல்லி, மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்து, கால் மணி நேரம் உட்காரவைத்து, மறுபடி ஊதவைத்தேன். முதல் நொடியில் வெளியேறிய காற்று, அவர்கள் வயதுக்கும் உயரத்துக்கும் இருக்கவேண்டியதில் 41 சதவீதம். 'மூன்றாம் கட்டம்' என்று தமிழில் எழுதிக் கொடுத்தேன். மகன் அதைப் படித்துவிட்டு, அம்மா காதில் விழாத தூரத்துக்கு என்னைக் கூட்டிப்போனார். "மூணாவது ஸ்டேஜாண்ணே? அப்ப இன்னும் ஒண்ணுதான் பாக்கியா?" புற்றுநோய்க்குச் சொல்கிற கணக்கைத்தான் அவர் போட்டிருந்தார். அந்தக் கணக்கை அவருக்குக் கொடுத்தது நான் எழுதிய சொல்.

இந்த நோய்க்கு வழிகாட்டுதல் எழுதும் கோல்ட் அமைப்பும் 2001இல் ஸ்டேஜ் என்றுதான் தொடங்கியது. 2011 திருத்தத்தில் அதை விட்டுவிட்டு கிரேடு என்று மாற்றிக்கொண்டது. மருந்துக்குப் பிறகு ஊதும்போது, மொத்தக் காற்றில் முதல் நொடிக் காற்றின் பங்கு 0.7க்குக் கீழே இருந்தால் அடைப்பு உண்டு. அப்புறம்தான் எவ்வளவு அடைப்பு என்ற கேள்வி: முதல் நொடிக் காற்று இருக்கவேண்டியதில் 80 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் கிரேடு ஒன்று, 50 முதல் 79 வரை இரண்டு, 30 முதல் 49 வரை மூன்று, 30க்குக் கீழே நான்கு. இது அன்றைக்கு எடுத்த அளவு. நோயாளி எங்கே போய்க்கொண்டிருக்கிறார், எத்தனை நாளில் போய்ச் சேருவார் என்று அது சொல்வதில்லை. 41 சதவீதத்தோடு சந்தைக்கு நடந்து போய்வருகிறவரும் உண்டு. 60 சதவீதம் இருந்தும் நூறு மீட்டரில் நின்று மூச்சு வாங்குகிறவரும் உண்டு. அதனால்தான் மூச்சிரைப்பையும், நோய் திடீரென்று கூடுவதையும் தனியாகப் பார்த்து, 2011இல் நோயாளிகளை ஏ, பி, சி, டி என்று பிரித்தார்கள். 2023இல் சி, டி இரண்டையும் ஒன்றாக்கி ஈ என்றார்கள்.

சரி, கிரேடுக்கு என்ன சொல்வது? 'தரம்' என்று முன்பு ஒருவர் எழுதியிருந்தார். 'மூன்றாம் தரம்' என்று ஒரு மனிதரின் நுரையீரலைப் பற்றி எழுத எனக்குக் கை வராது. 'நிலை' மிகவும் அகலம். எல்லாவற்றுக்கும் அதையே வைத்திருக்கிறோம்.

நான் சொல்வது 'படி'. திருவையாறு புஷ்ய மண்டபப் படித்துறையில் நின்று பாருங்கள். ஆற்றில் தண்ணீர் எவ்வளவு என்று கேட்டால் எத்தனை படி வெளியே தெரிகிறது என்று சொல்லலாம். மேலிருந்து எண்ண எண்ண, தெரிகிற படி கூடினால் தண்ணீர் குறைவு. மேட்டூர் என்றைக்குத் திறப்பார்கள் என்பதைப் படி சொல்லாது, இன்றைய அளவைச் சொல்லும். காற்றோட்டத்துக்கும் இதே கணக்குதான்: எண் கூடினால் ஓட்டம் குறைவு.

ஒரு சிக்கலை இப்போதே சொல்லிவிடுகிறேன். 'கடுமைப்படி' என்று சேர்த்து எழுதினால் 'சட்டப்படி', 'முறைப்படி' மாதிரி ஆகிவிடும். ஆகவே எண்ணை முன்னால் வைப்போம்: 'மூன்றாம் படி அடைப்பு'. வாயில் சொல்லிப் பார்த்தேன், தடங்கவில்லை.

ஆற்றுக்குத் தண்ணீர் திரும்பி வரும், இழந்த மூச்சு அப்படி வருவதில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயம். நாள்போக்கில் நுரையீரல் தேய்வதற்குத் தனிச்சொல் தேவை. அதற்கு 'முற்றல்' போதும்; 'வியாதி முத்திப்போச்சு' என்று எல்லார் வீட்டிலும் சொல்வதுதான். கதிர் முற்றுவதுபோல் ஒரே திசையில் போவது. ஆனால் எல்லாருக்கும் ஒரே வேகத்தில் முற்றுவதில்லை. புகையை விட்டவருக்குத் தேய்மானம் மெதுவாகிறது என்று ஃபிளெட்சர், பீட்டோ என்ற ஆய்வாளர்கள் 1977இலேயே காட்டினார்கள். படியும் முற்றலும் தனித்தனியாக இருந்தால்தான் இதை ஒரு மகனுக்கு விளக்க முடியும்: "மூணாம் படி அடைப்பு தம்பி, முற்றாம பார்த்துக்கலாம். முதல்ல அடுப்பை மாத்துங்க."

'ஈ' பிரிவுக்குக் காரணமான அந்தத் திடீர்க் கூடுதலுக்கும் சிலர் 'முற்றல்' என்றே எழுதுகிறீர்கள். அது வேண்டாம். அது சில நாளில் பெரும்பாலும் தணிந்துவிடும், கொஞ்சம் நுரையீரலைத் தின்றுவிட்டுத்தான் தணியும் என்றாலும். "மார்கழிப் பனி இறங்கினா இளைப்பு கிளம்பிடும்" என்று இங்கே சொல்வார்கள். அதைக் காதில் வைத்து 'கிளர்வு' என்று எழுதிப் பார்க்கிறேன். இதைவிடப் பொருத்தமாக உங்கள் ஊரில் என்ன சொல்கிறார்கள்?