முகவரிப் பட்டியல் வாடகைக்கு: 40,000 பெயரா, 6,000 பெயரா?

மரத்தூள்:
மரப் பொம்மை செய்கிறேன், இதுவரை கடைகள் வழியாகத்தான் விற்பனை. இப்போது ஒரு சின்ன கேட்லாக் அச்சடித்துத் தபாலில் நேரடியாக வீடுகளுக்கு அனுப்பலாம் என்று இருக்கிறேன். ஒரு தரகர் 40,000 முகவரி தருகிறார், எல்லாம் சிறு குழந்தைகள் உள்ள வீடுகளாம். இன்னொருவரிடம் 6,000தான், தபாலில் குழந்தைப் புத்தகம் வாங்கியவர்கள், ஆனால் ஒரு பெயருக்கு இரண்டு மடங்கு விலை. பெரியதை எடுத்து மொத்தமாக அனுப்பிவிடலாம்தானே?

பழைய கேட்லாக்:
அவசரப்படாதீர்கள். முதலாவது, டைரக்டரி, பதிவேடு என்று கிடைத்த இடத்திலெல்லாம் அள்ளிச் சேர்த்த பட்டியலாகத்தான் இருக்கும். அந்த வீட்டில் குழந்தை இருக்கலாம், ஆனால் தபாலில் வந்ததைப் பிரித்துப் பார்த்து வாங்குகிற வீடா என்பது தரகருக்கே தெரியாது. இரண்டாவதில் இருப்பவர்கள் ஏற்கெனவே அப்படிப் பணம் கட்டி வாங்கியவர்கள். கடைசியாக எப்போது வாங்கினார்கள் என்று மட்டும் கேட்டுவிடுங்கள். சமீபத்தில் வாங்கியவர்களைத் தனியாகப் பிரித்துத் தரக் கூடுதல் காசு கேட்டாலும் கொடுக்கலாம், ஐந்து வருடத்துக்கு முன்னால் படப் புத்தகம் வாங்கிய வீட்டில் இப்போது யார் நடைவண்டி தள்ளப் போகிறார்கள்?

கணக்குப்பிள்ளை:
எதுவானாலும் மொத்தமாக வேண்டாம், இரண்டிலும் 2,000 எடுத்துச் சோதித்துப் பாருங்கள். பட்டியலின் மேலிருந்து முதல் 2,000 அல்ல, 40,000ல் இருபதாவது பெயராக, 6,000ல் மூன்றாவது பெயராக எடுங்கள். ஆர்டர் படிவத்தின் மூலையில் பட்டியலுக்கு ஒரு குறியீடு அச்சிடுங்கள், இல்லாவிட்டால் எது விற்றது என்றே தெரியாது. 2,000க்கு 20 ஆர்டர் வந்தால் ஒரு சதவீதம் என்று குதிக்காதீர்கள். வெறும் அதிர்ஷ்டத்தாலேயே அது 11ஆகவும் இருந்திருக்கலாம், 29ஆகவும் இருந்திருக்கலாம். ஒன்றில் 20, இன்னொன்றில் 24 என்று வந்தால் இரண்டும் ஒன்றுதான்.

மரத்தூள்:
சரி. ஒருமுறை வாடகைக்கு எடுத்த பட்டியலை நான் சேமித்து வைத்து மறுபடி அனுப்பினால் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

பழைய கேட்லாக்:
தெரியும் சார், பட்டேன். பட்டியலுக்குள் தங்கள் ஆட்களின் முகவரிகளை, இனிஷியலை மட்டும் மாற்றி, நாலைந்து இடத்தில் நட்டு வைத்திருப்பார்கள். எங்கள் அலுவலகப் பையன் தெரியாமல் பழைய கோப்பையே அச்சுக்குக் கொடுத்துவிட்டான், இரண்டு வாரத்தில் இரண்டாவது வாடகைக்குப் பில் வந்துவிட்டது. பெரும்பாலும் ஒப்பந்தம் ஒரே ஒரு முறைக்குத்தான். ஆனால் உங்களிடம் ஆர்டர் செய்தவர் அதற்கப்புறம் உங்கள் வாடிக்கையாளர், அவர் பெயரை வைத்துக்கொள்ளலாம்.

தபால்பை:
இரண்டு பட்டியலையும் சேர்த்து ஒரே வீட்டுக்கு இரண்டு கேட்லாக் போகாமல் பாருங்கள். இனிஷியல் முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை இருந்தால் கணினி வேறு வேறு ஆள் என்றே நினைக்கும், அதனால் கதவு எண்ணையும் பின்கோடையும் வைத்து ஒப்பிடுங்கள். இரண்டிலும் இருப்பவரைத் தனியாகக் குறித்து வையுங்கள், பெரும்பாலும் அவர்தான் நன்றாக வாங்குவார். திரும்பி வந்த உறைகளைத் தூக்கிப் போடாதீர்கள், எண்ணிக் காட்டினால் சில தரகர்கள் கழித்துக் கொடுப்பார்கள்.

மரத்தூள்:
பொம்மையோடு போகிற உத்தரவாத அட்டைகள் எழுநூறு போல ஒரு பெட்டியில் கிடக்கின்றன. புதிய பொம்மை வந்தால் தெரிவிக்கலாம் என்று டிக் அடித்து அனுப்பியவர்கள். அது எதற்காவது உதவுமா?

பழைய கேட்லாக்:
அட, அதை முதலிலேயே சொல்லக் கூடாதா! தரகர்களைக் காத்திருக்கச் சொல்லுங்கள், முதல் எழுநூறு கேட்லாக் அந்தப் பெட்டிக்குத்தான்.