நிரற்பொருளும் பணித்துண்டும்: நெகிழ்வு உற்பத்தித் துறைக்குச் சில சொற்கள்

அன்புடையீர், வணக்கம்.

ரோபோக்களைக் கொண்டு இயங்கும், ஒரு வகைத் துண்டிலிருந்து இன்னொரு வகைக்கு எளிதில் மாறவல்ல நெகிழ்வு உற்பத்தி அமைப்பின் கட்டுப்பாட்டு மென்பொருளைப் பற்றித் தமிழில் எழுத முற்படுவோரை முதலில் இடறச் செய்வது ‘பொருள்’ என்னும் சொல்லே. தரவையும் அதன்மீதான செயல்களையும் ‘பொருள்’ (object) என்னும் ஓர் அலகாகக் கட்டி நிரல் எழுதும் முறைக்குப் ‘பொருள்நோக்கு நிரலாக்கம்’ என்னும் பெயர் பாடநூல்களில் நிலைபெற்றுவிட்டது. அதை மாற்றத் தேவையில்லை. ஆனால் தொழிற்கூடத்தில் ‘பொருள்’ என்பது கடைசல் எந்திரத்தில் பூட்டிய உலோகத்தையும், வேலை முடிந்து வெளிவரும் விளைபொருளையும் குறிக்கும். ‘பொருள் அடுத்த நிலையத்துக்கு அனுப்பப்பட்டது’ என்று எழுதினால், கன்வேயரில் உலோகம் நகர்ந்ததா, நினைவகத்தில் தரவு கைமாறியதா என்பது படிப்பவருக்கு விளங்காது. ரோபோவின் கை அசையும் இடத்தில் இந்த ஐயத்துக்கு இடம் தரக் கூடாது.

இந்த மயக்கம் தற்செயலானதன்று. 1960களில் ஆஸ்லோவில் ஓலே-யோஹான் டாலும் கிறிஸ்டன் நைகார்டும் உருவாக்கிய சிமுலா மொழி, நடப்புலக அமைப்புகளைக் கணினியில் போலச்செய்து பார்ப்பதற்காகவே பிறந்தது. உலகில் உள்ள ஒன்றுக்கு நிரலுக்குள் ஒரு நிகரி என்பதே அதன் அடிப்படை. உற்பத்தி அமைப்பிலும் ரோபோ, அதன் கைநுனியில் துண்டைப் பிடிக்கும் பற்றுகை, கன்வேயர் என ஒவ்வொன்றுக்கும் நிரலில் ஒரு நிகரி உண்டு. வேலைக்கு வரும் உலோகத் துண்டுக்கும் உண்டு. எந்த வேலை முடிந்தது, அடுத்து எந்த எந்திரத்துக்குப் போக வேண்டும் என்பதை அந்த நிகரியே சுமந்து செல்கிறது. ஆகவே உண்மையான துண்டும் அதன் நிகரியும் ஒரே வாக்கியத்தில் வந்தே தீரும்.

எனவே நிரலுக்குள் இருப்பதை ‘நிரற்பொருள்’ என்றும், எந்திரத்தில் இருப்பதைப் ‘பணித்துண்டு’ என்றும் வழங்கலாம் என முன்மொழிகிறேன். ‘உருப்படி’ என்னும் சொல்லையும் எண்ணிப் பார்த்தேன்; ஆனால் அது விளைபொருள்களை எண்ணும் அலகாகவே காதில் விழுகிறது. ‘பணித்துண்டு கீழே விழுந்த பின்னும் அதன் நிரற்பொருள் கன்வேயரிலேயே இருப்பதாகக் காட்டியது’ என்னும் வாக்கியத்தில் இரு சொற்களையும் பொருத்திப் பாருங்கள். உணரிகள் சரிபார்க்காவிட்டால் நேரக்கூடிய ஒரு பிழை ஐயமின்றி விளங்கிவிடுகிறது.

அடுத்த சிக்கல் ‘செயல்முறை’. நிரற்பொருள் செய்யவல்லதையும் அப்படியே அழைக்கிறோம், துளையிடல், கடைதல் போன்ற உற்பத்திப் படிகளையும் அப்படியே அழைக்கிறோம். முன்னதற்கு ‘வினை’ போதும். தமிழில் வினையடியே ஏவலாகவும் நிற்பதால் பற்று, விடு, நகர், நில் என்றே கட்டளைகளுக்குப் பெயரிடலாம். இந்த வாய்ப்பைக் கைவிட எனக்கு மனமில்லை. மேல்நிலை நிரல் ‘பற்று’ என்று மட்டும் ஏவும். உறிஞ்சுகிண்ணத்தால் பற்றுவதா, விரல்களால் பற்றுவதா என்பது அந்தந்தப் பற்றுகையின் பொறுப்பு. ரோபோ நிறுவனங்கள் தத்தமக்கெனத் தனி மொழி வைத்திருக்கும் துறையில் பொருள்நோக்கு முறையின் பெரும்பயன் இதுவே. தொழிற்கூடக் கட்டுப்படுத்திகளுக்கான நிரல்மொழிகளை வரையறுக்கும் பன்னாட்டுத் தரமான ஐஇசி 61131-3, 2013இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பில் நிரற்பொருள்களின் வார்ப்பான வகுப்பு, வினை, வெளியிலிருந்து ஏவக்கூடிய வினைகளின் பட்டியலான இடைமுகம் ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டது. ஆகவே இச்சொற்கள் கட்டுப்பாட்டுப் பொறியாளர்களுக்கும் வேண்டியவை.

‘எந்திரன்’ அழகிய சொல்தான்; ஆயினும் எந்திரமும் எந்திரனும் வரிக்கு வரி மாறி வரும் இத்துறையில் ‘ரோபோ’ என்பதே தெளிவு.

இத்துறைக்குப் பெயராக ‘நெகிழ் ரோபோ உற்பத்தி’ என்னும் தொடரை மட்டும் தவிர்க்க வேண்டும். வளையும் உடலுடைய ரோபோ என்றோ, அத்தகைய ரோபோக்களை உற்பத்தி செய்வதென்றோ அது பொருள்படும். நெகிழ்வு அமைப்புக்கு உரியது: முன்பே வகுத்த எல்லைக்குள் ஒரு வகைத் துண்டிலிருந்து இன்னொரு வகைக்கு எளிதில் மாறும் திறன். அமைப்பின் எந்திரங்களையே கூட்டிக் குறைத்து மாற்றுவது வேறு. அதற்கு ‘மறுகட்டமைப்பு உற்பத்தி’ என்பதை ஒதுக்கி வைக்கலாம். இம்மென்பொருளின் முழுப் பெயரை ‘ரோபோவழி நெகிழ்வு உற்பத்தி அமைப்புகளுக்கான பொருள்நோக்குக் கட்டுப்பாட்டு மென்பொருள்’ என எழுதலாம். நீளம்தான், ஆனால் எந்த அடை எதைத் தழுவுகிறது என்பதில் குழப்பமில்லை.