ஒரு சதவீதம்கூட இல்லையாம்: வளரும் நாடுகளும் சுழற்சிப் பொருளாதாரமும்

தராசுமுள்:
நேற்று இந்தக் களத்தின் இன்னொரு திரியில் வடகாற்று எழுதியது: "மின்கழிவு மறுசுழற்சியில் ஐரோப்பா 42.8 சதவீதம், ஆப்பிரிக்கா ஒரு சதவீதம்கூட இல்லை. வளரும் நாடுகள் சுழற்சிப் பொருளாதாரத்துக்குத் தயாராக இன்னும் இரண்டு தலைமுறை ஆகும்." சுழற்சிப் பொருளாதாரம் என்றால் பொருளைத் தூக்கியெறியாமல் பழுதுபார்த்து, திரும்பப் பயன்படுத்தி, கடைசியில் மறுசுழற்சி செய்து புழக்கத்திலேயே வைத்திருப்பது. அதற்கு நாம் தயாரில்லையாம், படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. எண் சரிதான், 2024-இல் வந்த உலக மின்கழிவு அறிக்கையில் இருப்பதுதான். ஆனால் அது எதை எண்ணுகிறது? முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானதை மட்டும். வீடு வீடாகப் போய்ப் பழைய சாமான் வாங்குகிறவர், பிரித்துச் செம்பு எடுக்கிறவர், கெட்டுப்போன கணினியைச் சரிசெய்து விற்கிறவர், இவர்கள் கைவழியாகப் போகிற எதுவும் அதில் கிடையாது. பதிவாகவில்லை என்றால் நடக்கவே இல்லை என்று அர்த்தமா?

வடகாற்று:
எண் சரி என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், அப்புறம் எதற்கு இவ்வளவு கோபம்? கம்பியைத் தீயில் போட்டுச் செம்பு எடுப்பதற்குப் பெயர் சுழற்சியா? கானாவின் அக்போக்புளோஷியில், மின்கழிவை எரித்த அந்தக் குப்பைமேட்டில், கிளம்பிய புகையை உலகமே பார்த்தது. செனகலில் தியாரோய் என்ற இடத்தில் பழைய பேட்டரி ஈயம் மண்ணில் கலந்து 2007-08-இல் 18 குழந்தைகள் செத்தார்கள். அதையும் உங்கள் பதிவாகாத கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தராசுமுள்:
செத்த குழந்தைகளை வாதத்துக்கு இழுக்காதீர்கள். அந்தக் கொடுமையை யாரும் நியாயப்படுத்தவில்லை. நான் கேட்டது ஒன்றே ஒன்று: அந்த ஒரு சதவீதம் பதிவானது மட்டும்தானா, இல்லையா?

இன்னொன்றையும் அதே அறிக்கையில் பாருங்கள். 2022-இல் ஐரோப்பாவில் தலைக்கு 17.6 கிலோ மின்கழிவு, ஆப்பிரிக்காவில் 2.5 கிலோ. ஐரோப்பாவின் 42.8 சதவீதத்தைக் கழித்தாலும் தலைக்குப் பத்து கிலோ கணக்கில் வராமல் போகிறது. ஆப்பிரிக்கர் ஒருவரின் மொத்தக் கழிவைப் போல நான்கு மடங்கு! இதில் யார் தயார், யார் தயாரில்லை?

பழைய இரும்பு:
பதினைந்து வருஷம் இந்தத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். காசு இருக்கிற பாகத்தைத்தான் நாங்கள் எடுப்போம். செம்பு, அலுமினியம், போர்டு, ஃபிரிட்ஜ் என்றால் கம்ப்ரஸர். உள்ளே இருக்கிற கேஸ் காற்றோடு போய்விடும். பழைய டிவியில் பிக்சர் டியூபின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, அதை யாரும் வாங்க மாட்டார்கள், எங்கேயாவது கொட்டிவிட்டுப் போவோம். அந்த மிச்சத்தை எடுக்க யார் காசு கொடுப்பது? அதற்கு ஏற்பாடு இருந்தால்தான் நாடு தயார் என்பேன்.

வடகாற்று:
பார்த்தீர்களா தராசுமுள்? தொழிலில் இருந்தவரே சொல்லிவிட்டார். பதிவாகாதது என்றால் பாதியைக் கொட்டிவிட்டுப் போவது.

தராசுமுள்:
அவர் சொன்னதை வளைக்காதீர்கள். பாதி கொட்டப்படுகிறது என்றால் மீதிப் பாதி எடுக்கப்படுகிறது. அந்தப் பாதி உங்கள் ஒரு சதவீதத்துக்குள் இருக்கிறதா? இல்லை. ஏன் இல்லை? பதிவானது மட்டும் என்பதால்!

நிலாமுற்றம்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். "சுழற்சிப் பொருளாதாரம்" என்பது தவறான சொல். மறுசுழற்சியோடு குழம்புகிறது, இந்தத் திரியிலேயே குழம்பிக் கிடக்கிறது. "வட்டப் பொருளாதாரம்" என்று எழுதலாமே?

வடகாற்று:
வட்டம் என்றால் வட்டச் செயலாளர் ஞாபகம்தான் வருகிறது. "சுழல் பொருளாதாரம்" என்று நான் பல வருடமாக எழுதுகிறேன், கேட்பார் இல்லை.

தராசுமுள்:
சுழல் என்றால் ஆளை உள்ளே இழுப்பது. பேச்சை மாற்ற வேண்டாம். பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

நிலாமுற்றம்:
நான் பேச்சை மாற்றவில்லை. பழுதுபார்ப்பதும் திரும்பப் பயன்படுத்துவதும் மறுசுழற்சிக்கு முந்தைய படிகள். சொல் தெளிவாக இருந்தால் இந்தச் சண்டையே வந்திருக்காது. யாருக்கும் அக்கறையில்லை என்றால் நான் போகிறேன்.

வடகாற்று:
தராசுமுள் எப்போதும் இப்படித்தான். ருவாண்டாவின் பிளாஸ்டிக் பைத் தடை பற்றிய திரியிலும் கடைசி வரை மற்றவரைப் பேசவிடவில்லை.

தராசுமுள்:
நினைவுபடுத்தியதற்கு நன்றி. அந்தத் திரியில் "ஏழை நாட்டில் தடையெல்லாம் காகிதத்தோடு சரி" என்று எழுதியது நீங்கள். 2008-இல் பைகளுக்குப் போட்ட தடையை அவர்கள் 2019-இல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் முழுவதற்கும் நீட்டினார்கள். இன்றுவரை நீங்கள் தப்பென்று ஒப்புக்கொள்ளவில்லை.

இன்னும் சொல்கிறேன். கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவில் கழிவு சேகரிப்பவர்கள் நீதிமன்றம் வரை போராடினார்கள், 2013-இல் நகரம் அவர்கள் வேலைக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியது. பொருள் கழிவான பிறகும் அதைத் தயாரித்தவரே பொறுப்பு என்கிற உற்பத்தியாளர் பொறுப்புச் சட்டத்தைச் சிலி 2016-இல் போட்டபோது, தன் நாட்டுக் கழிவு சேகரிப்பவர்களையும் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. மின்கழிவு எதுவானாலும், பெறுகிற நாட்டின் முன்அனுமதி இல்லாமல் கப்பலேற்றக் கூடாது என்ற திருத்தம், அபாயக் கழிவு நாடு விட்டு நாடு போவதைக் கட்டுப்படுத்தும் பேசல் (Basel) உடன்படிக்கையில் 2025 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது. அதை முன்மொழிந்தது சுவிட்சர்லாந்தும் கானாவும். ஆமாம், நீங்கள் புகையைக் காட்டிய அதே கானா. உங்கள் இரண்டு தலைமுறைக் கணக்கில் இதெல்லாம் எங்கே?

வடகாற்று:
சட்டம் போடுவது வேறு, ஆலை கட்டுவது வேறு. சேகரிப்பவருக்குக் காசு கொடுத்தால் ஈயத்தைப் பிரிக்கிற உலை வந்துவிடுமா? நீங்கள் எத்தனை ஊர் பெயர் சொன்னாலும் ஒரு சதவீதம் ஒரு சதவீதம்தான்.

தராசுமுள்:
பதிவான ஒரு சதவீதம்.

வடகாற்று:
ஒரு சதவீதத்துக்கும் கீழே.

தராசுமுள்:
பதிவானது! உலகம் முழுவதற்குமே 22.3 சதவீதம்தான் பதிவாகியிருக்கிறது. அப்படியென்றால் உலகமே தயாரில்லை என்று எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஏழை நாட்டை மட்டும் சுட்டி எழுதினால் விடமாட்டேன்.

மட்டுறுத்துநர்:
தனிப்பட்ட தாக்குதல் வேண்டாம். ருவாண்டா பற்றி அந்தத் திரியில் பேசவும்.

வடகாற்று:
நான் தாக்கவில்லை. தாக்கியவரை விட்டுவிட்டு எனக்கு அறிவுரையா? இந்தக் களத்தில் நீதி இவ்வளவுதான்.

தராசுமுள்:
நாளைக்கு முழு அட்டவணை போடுகிறேன். தலைக்கு எவ்வளவு, பதிவானது எவ்வளவு, பதிவாகாதது எவ்வளவு.

வடகாற்று:
பதிவாகாததற்கு எங்கிருந்து எண் எடுப்பீர்கள்?

தராசுமுள்:
அதைத்தானே முதலிலிருந்து கேட்கிறேன், எண்ணே இல்லாததை எப்படி ஒன்றுக்குக் கீழே என்றீர்கள்?

பழைய இரும்பு:
அந்தக் கண்ணாடியை எடுக்க யார் காசு கொடுப்பது என்று கேட்டிருந்தேன். இன்னும் யாரும் சொல்லவில்லை.