சாயங்காலம் அசையாம நின்ன வெள்ளைப் புள்ளி, பலூனா? தெரிஞ்சவங்க உதவுங்க

மாடிவானம்:
எல்லாருக்கும் வணக்கம். நேத்து சூரியன் மறைய ஒரு மணி நேரம் இருக்கும்போது மாடிக்குப் போனேன், மேற்குப் பக்கம் நல்ல உசரத்துல பளிச்னு ஒரு வெள்ளைப் புள்ளி. ப்ளேன்னு நெனச்சா அரை மணி நேரமா கிட்டத்தட்ட அதே எடத்துல நிக்குது, சத்தம் இல்ல, லைட்டு மினுக்கல. சூரியன் மறைஞ்சப்புறமும் ஜொலிச்சிட்டே இருந்து, மஞ்சளாகி, அணையப்போற தணல் மாதிரி செவந்து, மறைஞ்சே போச்சு. போன்ல ஜூம் பண்ணா மங்கலா ஒரு வட்டம்தான் வருது. 2023 பிப்ரவரியில அமெரிக்கா சுட்டு வீழ்த்துன சீன பலூன் ஞாபகம் வந்து அம்மா ராத்திரி சரியா தூங்கல. இது என்னன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

நட்சத்திரக்கிறுக்கன்:
பத்துல எட்டு தடவை இது வெள்ளி கிரகமாத்தான் இருக்கும். ஸ்டெல்லேரியம் ஆப்ல நேத்து தேதி, நேரம் போட்டு அந்தத் திசையில வெள்ளி இருந்துச்சான்னு மொதல்ல பாருங்க.

மாடிவானம்:
பாத்துட்டேன் ப்ரோ, வெள்ளி இப்போ விடியக்காலைலதான் தெரியுது. இன்னொண்ணு சொல்ல மறந்துட்டேன், பக்கத்து வீட்டு அண்ணன் பைனாகுலர் குடுத்தாரு, அதுல பாத்தா கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவுது, தலைகீழா வச்ச கண்ணீர்த்துளி ஷேப், கீழ நூல் மாதிரி ஒரு கோடு. அகலம் நிலாவுல கால்வாசி இருக்கும்.

காத்தாடிமாமா:
தம்பி, நீங்க சொன்னதுலயே பதில் இருக்கு. சூரியன் மறைஞ்சு எத்தன நிமிஷத்துல அணைஞ்சது? அதுதான் முக்கியம். உங்களுக்கு இருட்டினாலும் உசரத்துல இருக்குற பொருளுக்கு வெயில் கொஞ்ச நேரம் பட்டுட்டே இருக்கும், அதான் அப்படி ஜொலிக்குது.

மாடிவானம்:
22 நிமிஷம் மாமா, போன்ல எடுத்த போட்டோக்கள்ல நேரம் இருக்கு.

காத்தாடிமாமா:
அருமை. சூரியன் ஓரளவு செங்குத்தா இறங்குற ஊர்கள்ல 4 நிமிஷத்துக்கு 1 டிகிரி, அப்போ 22 நிமிஷத்துல அடிவானத்துக்குக் கீழ அஞ்சரை டிகிரி போயிருக்கும், பூமியோட ஆரம் 6,371 கிமீன்னு வச்சுப் போட்டா உசரம் தோராயமா 30 கிமீ வருது. ப்ளேன் பறக்குறது 10, 12 கிமீலதான், அதனால ப்ளேன் இல்ல. இப்போ சைஸ் பாருங்க, நிலா நம்ம கண்ணுக்கு அரை டிகிரி அகலமாத் தெரியும், அதுல கால்வாசின்னா அவ்வளவு தூரத்துல குறைஞ்சது 65 மீட்டர் அகலம். இது ஆராய்ச்சி பலூன். நாசா விடுற பெரிய பலூனெல்லாம் முழுசா விரிஞ்சா உள்ள ஒரு ஃபுட்பால் ஸ்டேடியமே அடங்கும், ஆனா அந்த பிளாஸ்டிக் சாப்பாடு சுத்துற கவர் அளவுக்குத்தான் தடிமன், அதான் உங்களுக்குக் கண்ணாடி மாதிரி தெரிஞ்சிருக்கு. அந்தக் கோட்டுக்கு அடியிலதான் கருவிகள் தொங்கும்.

சோண்டேவேட்டை:
வானிலை பலூனா இருக்காதா மாமா? அதுவும் 30 கிமீ போகுமே. நான் 400 மெகாஹெர்ட்ஸ் பக்கம் அதோட சிக்னலை ரேடியோல பிடிக்கிறவன், வானிலை பலூன்களைக் காட்டுற சோண்ட்ஹப் வெப்சைட்ல தேடுனா எது எங்க பறக்குதுன்னு மேப்லயே தெரியும்.

காத்தாடிமாமா:
நல்ல கேள்வி. ஆனா வானிலை பலூன் நிக்காது, நொடிக்கு 5 மீட்டர் வாக்குல ஏறிட்டே போய் ரெண்டு மணி நேரத்துக்குள்ள வெடிச்சிரும். வெடிக்கிற நேரத்துல கூட பத்து மீட்டர் சுமார்தான், அந்த தூரத்துல வெறுங்கண்ணுக்கு ஒரு புள்ளியா தெரியுறதே கஷ்டம். ஆராய்ச்சி பலூன் மிதக்குற உசரத்துல காத்து திசை மாறுற மாசங்கள்ல ரொம்ப மெதுவா அடிக்கும், அந்த சமயம் பாத்து விடுறவங்களும் உண்டு, அதான் நின்ன எடத்துலயே நிக்குற மாதிரி இருக்கும். உறுதி பண்ணணும்னா விமானிகளுக்கு விடுற நோட்டாம் அறிவிப்புல ஆளில்லா பலூன்னு உங்க பகுதிக்கு ஏதாவது இருக்கான்னு தேடுங்க. இன்னொண்ணு, சூரியன் இருக்கும்போது அது பக்கத்துல பைனாகுலரைக் கொண்டுபோகவே கூடாது, ஒரு நொடி போதும் கண்ணு போயிரும்.

மாடிவானம்:
மாமா, இருக்கு! நேத்து தேதிக்கே ஆளில்லா பலூன் அறிவிப்பு இருக்கு, நேரமும் ஒத்துப்போகுது. அம்மாகிட்ட உங்க கணக்க அப்படியே படிச்சுக் காட்டுனேன், "அவ்ளோ மெல்லிசான கவரா அங்க நிக்குது"ன்னு கேட்டுட்டு அவங்களே இப்போ மாடிக்குப் போயி மேற்கப் பாத்து நிக்குறாங்க. ரொம்ப நன்றி எல்லாருக்கும்.