கரையில் நிற்கும் சீமெந்து மனிதன்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கரைவலைக்காரர் மகள்

சிலை எங்கே நிற்கிறது, எந்தப் பணத்தில் எழுந்தது என்பதெல்லாம் இந்தப் பக்கம் வந்துபோகிறவர்களுக்குத் தெரியும். கரையில் நின்று கயிற்றால் இழுக்கும் பெரிய வலைதான் கரைவலை. அதை இழுக்கும் சீமெந்து மனிதன். பொதுப்பணத்தில் கடற்கரையை அழகுபடுத்தும் திட்டத்தில் வந்தவன். நான் எழுத வந்தது திறப்பு விழாவுக்கு முதல் நாள் மாலை நடந்ததை மட்டும்.

அப்பாவுக்கு 68 வயது. 14 வயதில் கயிற்றைப் பிடித்தவர். 2004 டிசம்பர் 26 காலையில் வள்ளம், வலை, வாடிக் குடிசை எல்லாவற்றையும் கடல் கொண்டுபோனது. பிறகு தேடிச் சேர்த்தவற்றை 2009 மே மாதம், போரின் கடைசி நாட்களில் கைவிட்டு, உடுத்த உடையோடு வட்டுவாகல் பாலத்தைக் கடந்தார். மூன்றாவது முறையாகச் சேர்த்த வலையைத்தான் அன்று மாலை "விருந்தினர்கள் வருகிறார்கள், இங்கே காயப்போட வேண்டாம்" என்று சுருட்டச் சொன்னார்கள். அவர் ஒன்றும் பேசவில்லை. சுருட்டி ஓரமாக வைத்துவிட்டுச் சிலையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கடைசி வர்ணம் பூசிக்கொண்டிருந்த இளைஞரிடம், "தம்பி, இவனுடைய குதிக்கால் ஏன் மணலில் இல்லை?" என்று கேட்டார்.

"வரைபடத்தில் அப்படித்தான் இருக்கிறது ஐயா."

அப்பா செருப்பைக் கழற்றினார். சுருட்டிய வலையின் கயிற்று முனையை எடுத்து இடுப்போடு சேர்த்துப் பிடித்து, முழு உடம்பையும் பின்னுக்குச் சாய்த்து, இரண்டு குதிக்கால்களையும் மணலில் அழுத்தினார். கணுக்கால்வரை புதைந்தது. "மீன் சேரும் மடி நிறைந்து வரும்போது முன்னுக்குச் சாய்ந்து நிற்பவனைக் கயிறு இழுத்துக்கொண்டு போய்விடும்" என்றார். அந்த இளைஞர் தூரிகையைப் பிடித்தபடியே நின்றார். நீல வர்ணம் ஒரு துளி அப்பாவின் காலில் விழுந்தது. அவர் துடைக்கவில்லை.

மறுநாள் விருந்தினர்களின் நாற்காலிகள் அந்தக் குழிகள் இருந்த இடத்தில்தான் போடப்பட்டன. இறங்குதுறையில் ஒரு விளக்கு இல்லை. ஐஸ் வெளியிலிருந்து வர வேண்டும். 2022 ஆகஸ்டில் ஒரே இரவில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானபோது எத்தனை படகுகள் கரையேறிக் கிடந்தன என்று எங்களுக்குத் தெரியும். இருந்தும், பணத்தைவிட எனக்கு ஆறாதது அந்தக் குதிக்கால்தான். முன்கூட்டியே கேட்டிருந்தால் அப்பா ஒரு சதமும் வாங்காமல் நாள் முழுவதும் நின்று காட்டியிருப்பார்.

பரந்தன் வீதிப் பயணி

குதிக்காலைப் பற்றிக் குறை சொல்ல உங்கள் கரையில் உங்கள் தொழில் செய்யும் ஒருவன் நிற்கிறான், சகோதரி. பொதுப்பணத்தில் எழுந்த சிற்பம் என்று நான் முதலில் கண்டது புதுக்குடியிருப்பில். போர் வெற்றிச் சின்னம்: துப்பாக்கியும் கொடியும் ஏந்திய படைவீரன், சுற்றிச் சிங்கங்கள். எல்லாருக்கும் தெரியும், விவரிக்கவில்லை.

2017இல் ஒருநாள் பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் ஓர் அம்மா. மடியில் பொலித்தீன் உறைக்குள் மகனின் படம். அந்த ஆண்டு மார்ச் 8இல் முல்லைத்தீவில் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் போராட்டத்துக்குப் போகிறார். அந்தச் சிலை இருக்கும் இடம் நெருங்க முன்பே கண்ணை இறுக மூடிக்கொண்டு, "பிள்ளை, கடந்ததும் சொல்லு" என்றார். நான் வெளியே சரியாகப் பார்க்காமல், "கடந்துவிட்டது அம்மா" என்றேன். கடந்திருக்கவில்லை. கண்ணைத் திறந்தார். நேர் எதிரே அது.

என்னை ஒரு சொல் ஏசவில்லை. படத்தைத் திருப்பி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். இத்தனை ஆண்டுகளாகியும் அந்த வளைவில் நான் பஸ் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதில்லை.

ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்

என் அனுபவம் சிறியது. கரையில் நிற்கும் அந்தச் சிலைக்கு எவ்வளவு செலவானது என்று ஓர் அலுவலகத்தில் கேட்கப் போனேன். மேசையில் இருந்தவர், "நீங்கள் எந்தப் பத்திரிகை?" என்றார். நான் இந்த ஊரான் என்றேன். "அப்படியென்றால் ஏன் கேட்கிறீர்கள்?" என்றார். அந்தக் கேள்விக்கு அப்போதே பதில் சொல்லாமல் திரும்பி வந்தது என்னை இன்னும் அரிக்கிறது.

ஆகவே எல்லாருக்கும் சொல்கிறேன். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. விண்ணப்பிக்கும்போது காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் கேட்டாலும் தகவல் உத்தியோகத்தர் அதை எழுதிக்கொள்ள வேண்டும். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு மேன்முறையீடு, அங்கும் சரிவராவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. "சிலை விவரம் தாருங்கள்" என்று பொதுவாக எழுதாதீர்கள். மதிப்பீடு, ஒப்பந்தம், கொடுப்பனவு வவுச்சர், இடத் தெரிவு பற்றிய கூட்டக் குறிப்பு என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பிரதி ஒன்றைக் கையில் வைத்திருங்கள். பெற்றுக்கொண்டதற்கான கடிதத்தை வாங்காமல் படியிறங்காதீர்கள்.

இன்னொன்று. அந்தக் காசில் ஐஸ் அறை கட்டியிருக்கலாமே என்று ஊரில் பேசுகிறார்கள். ஒரு செலவுத் தலைப்பில் வந்த பணத்தை நினைத்தபடி இன்னொன்றுக்கு மாற்ற முடியாது. டிசம்பர் 31க்குள் செலவழியாவிட்டால் ஒதுக்கீடு திரும்பிப் போய்விடும். நம் பகுதியில் மழைக்காலத்தில்தான் பாதி வேலைகள் அவசரமாக நடப்பதற்கு இதுவே காரணம். சண்டை பிடிக்க வேண்டிய நேரம் திறப்பு விழா நாள் அல்ல. திட்டம் எழுதப்படும்போதே, ஆண்டின் தொடக்கத்தில், மீனவர் சங்கம் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும்.

சீமெந்து வேலைக்காரன்

கரைவலைக்காரர் மகள் எழுதியதை மூன்று முறை வாசித்தேன். தூரிகையோடு நின்றவன் நான்தான், அக்கா.

வரைபடம் என்னுடையது அல்ல. கொழும்பில் ஏழு ஆண்டுகள் மாடிக்கட்டடங்களில் பூச்சு வேலை செய்துவிட்டு, சொந்த மாவட்டத்தில் கிடைத்த முதல் வேலை அது. 22 நாட்கள் வீட்டுச் சோறு சாப்பிட்டு வேலைக்குப் போனேன். சிலையே வேண்டாம் என்று எழுதுகிறவர்கள் அதையும் நினைக்க வேண்டும். எங்கள் ஊரில் கை வேலை தெரிந்தவனுக்கு மதில் கட்டுவதைத் தவிர வேறு என்ன கிடைக்கிறது?

எழுதுவினைஞர் ஐயா சொன்ன டிசம்பர் கணக்கு என் கையால் அறிந்தது. மழை விடவில்லை. கம்பியின் மேல் குறைந்தது இரண்டு அங்குலம் கொன்கிறீட் மூடியிருக்க வேண்டும், இது கடற்கரை என்றேன். உப்புக்காற்று பிடித்தால் உள்ளே கம்பி துருவேறி ஊதும், ஊதினால் வெளிப்பூச்சு வெடிக்கும். விரல்களில் அந்தத் தடிப்பு வராது, கையைப் பெரிதாகச் செய்வோம் என்றும் சொன்னேன். நாள் குறித்தாகிவிட்டது என்றார்கள். ஒரு வாடைக்காலம்கூடத் தாங்கவில்லை. வலது கையின் இரண்டு விரல்கள் வெடித்துக் கம்பி தெரிகிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் என் விரலே தெறித்ததுபோல இருக்கிறது.

உங்கள் அப்பா அன்று போன பிறகு அந்தக் குழிகளைக் குந்தியிருந்து பார்த்தேன். குதிக்காலில் ஆழம், பெருவிரல் பக்கம் மேடு. வரைபடம் போட்டவருக்கு அதைக் கைபேசியில் படம் எடுத்து அனுப்பினேன். பதில் வரவில்லை.

முள்ளியவளை, இப்போது லிவர்பூல்

இங்கே பக்கத்தில் கிறொஸ்பி என்று ஒரு கடற்கரை. ஆன்டனி கோர்ம்லி என்ற சிற்பி தன் உடம்பையே வார்ப்பாக எடுத்துச் செய்த 100 இரும்பு மனிதர்கள் கடலைப் பார்த்தபடி நிற்கிறார்கள். 2005இல் வந்தவர்கள். அங்கும் பெரிய சண்டை நடந்தது. அருகே போய்ப் பார்ப்பவர்களை கடல் ஏறிச் சூழ்ந்துவிடும் என்ற பயம், படகுக்காரரின் எதிர்ப்பு, பறவைகளின் இடம் என்று எல்லாம் வந்தது. 2006இல் நகரசபை அனுமதியை நீட்டிக்க மறுத்தது. 2007இல்தான் நிரந்தரமாக நிற்கட்டும் என்று முடிவானது.

அம்மா வந்திருந்தபோது கூட்டிக்கொண்டு போனேன். குளிர்காலம், நாலு மணிக்கே மங்கல். கடல் ஏறிக்கொண்டிருந்தது. தூரத்தில் ஒரு தலை மட்டும் தெரிந்தது. நான் சொல்ல முந்தி அம்மா செருப்போடு தண்ணீருக்குள் இறங்கிவிட்டார். "ஓடி வா தம்பி, ஆள் நிற்கிறது!" என்று கத்தினார். கையைப் பிடித்து இழுத்துத்தான் நிறுத்தினேன். இரும்பு அம்மா, சிலை அம்மா என்று எத்தனை தரம் சொல்லியும் உடம்பு நடுங்கியது. 2004இல் பெரியம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் கடலுக்குக் கொடுத்தவர் அவர். அதை யோசிக்காமல் அங்கே கூட்டிப்போனது என் பிழை.

பயணிக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் கதை என்னை உலுக்கியது, ஆனால் சகோதரியின் குதிக்காலைச் சிறிய விடயமாக்காதீர்கள். ஒரு சிலையின் முன்னால் யார் வந்து நிற்பார்கள் என்று கேட்காமல் வைத்ததுதான் மூன்று இடத்திலும் நடந்தது.

பரந்தன் வீதிப் பயணி

சிறியது என்று சொல்லவில்லை. ஆனால் மூன்றும் ஒன்றல்ல. கிறொஸ்பியில் வேண்டாம் என்று சொன்னவர்களுக்கு ஒரு நகரசபை காது கொடுத்து, ஒருமுறை மறுத்தும் இருக்கிறது. புதுக்குடியிருப்பில் யாரிடம் போய் வேண்டாம் என்று சொல்லியிருப்போம்?

சீமெந்து வேலைக்காரன்

அக்கா, ஒரு விடயம். இந்த வாடை தொடங்க முன் அந்தக் கையைத் திருத்த விரும்புகிறேன். துருவைச் சுரண்டி, கம்பிக்குப் பூச்சுக் கொடுத்து, மேலே தடிப்பாகப் பூச வேண்டும். சீமெந்து என் செலவு. அனுமதி கேட்டுக் கடிதம் கொடுத்துவிட்டேன், எழுதுவினைஞர் ஐயா சொன்னபடி பெற்றுக்கொண்டதற்கான கடிதமும் வாங்கினேன். காலையும் உடைத்து மாற்ற முடியுமா தெரியவில்லை, அப்பா இன்னொரு தடவை நின்று காட்டினால் அளவு எடுப்பேன். எந்த நாளில் கரையில் இருப்பார்?

கரைவலைக்காரர் மகள்

அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமை கரைவலை இல்லை. காலைப் பூசை முடிந்து வாருங்கள். கடல் மணலைக் கலக்க வேண்டாம், ஆற்று மணல் வீட்டில் அரை மூட்டை இருக்கிறது என்று சொல்லச் சொன்னார். கயிற்றை அவரே கொண்டு வருவாராம்.