மறுமொழி: மெனிஸ்கஸ் – ‘மூட்டுச் சவ்வு’ போதாதா?

> ‘முட்டி ஜவ்வு கிழிஞ்சிருச்சி’ என்றுதானே எல்லாரும் சொல்கிறார்கள். ‘மூட்டுச் சவ்வு’ என்றே வைத்துவிடலாம்.

வணக்கம் ஐயா. முட்டி எம்.ஆர்.ஐ. அறிக்கைச் சொற்களுக்கு நீங்கள் முன்வைத்த தமிழ்ச்சொற்கள் பற்றி என் கருத்து இது. சிக்கலே அந்த ஜவ்வுதான். பந்து விளையாடும் பையனுக்கு முட்டிக்குள் குறுக்கே ஓடும் நார் அறுந்தாலும் ஜவ்வு, பாட்டிக்கு மெனிஸ்கஸ் நைந்தாலும் ஜவ்வு. மெனிஸ்கஸ் சவ்வே இல்லை. தொடையெலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே முட்டிக்கு இரண்டாகக் கிடக்கும் குருத்து மெத்தை. கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்குப் பொருள் சின்ன நிலா. ஆகவே ‘பிறைக்குருத்து’. முனைகள் முன்கொம்பு, பின்கொம்பு.

> ‘போ டை’ குறிக்குக் ‘கழுத்துப்பட்டி முடிச்சு’?

படத்தில் பிறைக்குருத்து, வெள்ளைக்காரர் கழுத்தில் கட்டும் ‘போ டை’ முடிச்சுப் போலத் தெரிவதற்குத்தான் அந்தப் பெயர். நம்மில் யார் அதைக் கட்டுகிறோம்? தைப்பூசத்துக்குப் பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போனவர்களுக்கு உடுக்கை தெரியும்; ‘உடுக்கைக் குறி’ என்போம். பக்கவாட்டு வெட்டுப் படங்களில், ஓரத்தில் பிறைக்குருத்து கறுப்பு உடுக்கையாகப் படுத்திருக்கும். உள்ளே போகப் போக இடை அறுந்து இரண்டு முக்கோணமாகும். 4, 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள வெட்டுகளில் வழக்கமாக இரண்டு படங்களில் உடுக்கை வரும். ஒன்றோடு நின்றாலோ வராமலே போனாலோ, உள்விளிம்பு கிழிந்து மூட்டின் நடுவே புரண்டிருக்கிறதா என்று தேட வேண்டும். (முன்பே அறுவை செய்த முட்டியிலும் உடுக்கை குறையும்.) அந்தக் கிழிவுக்கு நீங்கள் சொன்ன ‘வாளிப்பிடிக் கிழிவு’ அருமை, மாற்ற வேண்டாம்.

> உள்ளே வெள்ளையாகத் தெரிவதெல்லாம் ‘கிழிவு’ என்று போட்டால் எளிது.

இங்கேதான் நான் சண்டை போடுவேன். பினாங்கில் எம்.ஆர்.ஐ. எடுக்கிற வேலை எனக்கு. நல்ல பிறைக்குருத்து எல்லா வகைப் படத்திலும் கறுப்பு. உள்ளே ஒரு வெள்ளைக் கோடு வந்து மேல்பரப்பையோ கீழ்ப்பரப்பையோ தொட்டால்தான் கிழிவு. அதுவும் இரண்டு படங்களிலாவது தொட வேண்டும். தொடாமல் உள்ளேயே திட்டாக நின்றால் தரம் 1, கோடாக நின்றால் தரம் 2. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் அது வயசுத் தேய்மானம். தைப்பூசம் முடிந்து வந்த ஓர் அம்மா, அறிக்கையில் ‘தரம் 2’ என்பதைப் பார்த்து இரண்டு மடங்கு கிழிந்துவிட்டது என்றே நம்பி, இனிமேல் மலையேற முடியாதா தம்பி என்று கண்கலங்கிவிட்டார். இதற்குத் தனிச்சொல் வேண்டும்: ‘உள்வெளுப்பு’.

உண்மைக் கிழிவையும் ‘காயம்’ என்று எழுத வேண்டாம். அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாமில் 50 முதல் 90 வயதினரின் முட்டிகளைப் படமெடுத்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், கிழிவு இருந்தவர்களில் 61 விழுக்காட்டினருக்கு முந்தைய ஒரு மாதத்தில் வலியோ இறுக்கமோ இல்லை. காயம் என்றால் அறுவைக்கு ஓடுவார்கள்.

சரி, ஒன்று பாக்கி. கொம்பு எலும்பில் ஒட்டும் இடத்திலேயே பிய்ந்தால்? ‘வேர்க் கிழிவு’ என்கிறார் ஒருவர். கொம்புக்கு ஏது வேர்? ‘கொம்படிக் கிழிவு’ எப்படி? மாடு வளர்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.