பழைய கம்ப்யூட்டர்ல ஸ்க்ரீன் மெமரிய தின்ன கதை இருந்தா சொல்லுங்க

நானே ஆரம்பிக்கிறேன். 1984ல கிளாஸ் திட்டம்னு கவர்மென்ட் கொண்டு வந்து ஸ்கூல்களுக்கு பிபிசி மைக்ரோன்னு ஒரு கம்ப்யூட்டர் குடுத்தாங்க இல்ல, அது எங்க ஸ்கூலுக்கும் வந்துச்சு, செருப்ப வெளிய கழட்டிட்டு தான் அந்த ரூமுக்குள்ளயே போகணும். மொத்த மெமரி 32 கே (ஒரு கேன்னா 1,024 பைட்), ப்ரோக்ராமும் ஸ்க்ரீன்ல தெரியுற படமும் அதுக்குள்ளயே தான் இருக்கணும். அதுல மோட் 2ங்கிற 16 கலர் ஸ்க்ரீன் போட்டா அதுக்கே 20 கே போயிடும். நான் ஆகஸ்ட் 15க்கு மேல கொடி, கீழ க்விஸ்னு ஒரு ப்ரோக்ராம் எழுதினேன். முதல் வம்பே காவி. 16 கலர்னு பேரு தான், அதுல 8 கண்ண சிமிட்டுற கலர், மிச்ச எட்டுல காவி கிடையாது. சரின்னு ஒரு கோடு சிவப்பு ஒரு கோடு மஞ்சள்னு மாத்தி மாத்தி போட்டேன், தள்ளி நின்னு பாத்தா காவி, கிட்ட போனா ஜமுக்காளம்.

கேசட் வச்ச மெஷின்ல நல்லா ஓடுச்சு. விழாவுக்கு டிஸ்க் ட்ரைவ் இருக்கிற மெஷின எடுத்து வச்சாங்க, லோட் பண்ணி ரன் குடுத்தா "பேட் மோட்"னு எரர். எனக்கு கை காலெல்லாம் உதறுது. அப்புறம் தான் சார் சொன்னாரு, டிஸ்க் சாஃப்ட்வேர் தனக்குன்னு 2,816 பைட் புடிச்சு வச்சுக்கும், அதனால கேசட்ல 8,704 பைட் கிடைச்ச இடத்துல இப்ப 5,888 தான்னு. என்னோடது ஏழாயிரத்த தாண்டிடுச்சு. ரெம் வரி (நமக்காக எழுதி வைக்கிற குறிப்பு) எல்லாம் தூக்கினேன், பத்தல, கேள்விய வெட்ட மனசு வரல. மோட் 5ங்கிற ஸ்க்ரீன் பத்து கே தான் எடுக்கும் ஆனா நாலே கலர், எனக்கு பின்னாடி கருப்போட சேத்து ஆறு வேணும். கடைசியில சார் ஸ்டார் டேப்னு கேசட்டுக்கு மாத்துற கமாண்ட் அடிச்சு டிஸ்க்க ஓரங்கட்டிட்டு, ஒரு சின்ன ஃபார் லூப்ல மொத்த ப்ரோக்ராமையும் நாலு நாலு பைட்டா டிஸ்க் புடிச்சு வச்சிருந்த இடத்துக்கு கீழ இறக்கி, ப்ரோக்ராம் எங்க ஆரம்பிக்குதுன்னு சொல்ற பேஜ மாத்தி, ப்ரோக்ராம திரும்ப எடுக்கிற ஓல்ட் கமாண்ட் அடிச்சாரு. ஓடுச்சு! அவர் கால்ல விழாத குறை தான்.

---

எங்கட வீட்டில ஸ்பெக்ட்ரம் எண்ட கம்ப்யூட்டர், 48 கே மெமரி. லண்டனுக்கு வந்த புதுசில அண்ணா பழசா ஒண்டு வாங்கினவர். அதில படத்துக்கு 6,144 பைட், கலருக்கு வெறும் 768. எட்டுக்கு எட்டு புள்ளிக் கட்டம் ஒண்டுக்குள்ள ரெண்டு கலர் தான் வரும். அதால மரத்துக்குப் பக்கத்தால ஓடுற ஆளும் பச்சையாகிடுவான். கேம் லோட் ஆகேக்க படம் முதல் கருப்பு வெள்ளையில கோடு கோடா வரும், கலர் கடைசியில தான் கடகடவெண்டு இறங்கும், அதைப் பாக்கவே நாங்கள் சண்டை பிடிச்சு முன்னுக்கு இருப்பம்.

---

நீங்கல்லாம் பணக்காரங்க. மாமா குடுத்த இசட்எக்ஸ் 81 கம்ப்யூட்டர்ல மொத்த மெமரியே 1 கே. முழு ஸ்க்ரீனும் எழுத்து நிரம்பினா அதுக்கே 793 பைட் வேணும். ப்ரோக்ராம் வளர வளர லிஸ்டிங்ல தெரியுற வரி கொறஞ்சுக்கிட்டே வரும், நான் டிவி கெட்டுப் போச்சுன்னு அப்பாகிட்ட சொல்லி திட்டு வாங்கினேன். அது இருக்கட்டும் அண்ணே, விழாவுல அந்த ஜமுக்காளத்த யாரும் கண்டுபிடிக்கலையா?

---

பெரியவங்க யாரும் கண்டுக்கல தம்பி. முன் வரிசையில தரையில உக்காந்திருந்த ஒண்ணாங்கிளாஸ் பசங்க தான் "சார் கொடி கோடு போட்டிருக்கு"ன்னு கத்துனாங்க.